2010 சம்மர்ல நாலு பிக் மேன்: அன்னைக்கும் இன்னைக்கும் என் ஓட்டு பாஷுக்குத்தான்

ஒவ்வொரு வருஷமும் ஜூலைல ஃப்ரீ ஏஜென்சி (கான்ட்ராக்ட் முடிஞ்ச பிளேயர்ஸ் புது டீம் தேடற நேரம்) வந்தா போதும், ரெண்டு மூணு பிக் மேனோட (கூடைக்குப் பக்கத்துல ஆடற உயரமான ஆளுங்க) பாயிண்ட்ஸையும் ரீபவுண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு ஒரு படம் சுத்த ஆரம்பிச்சிடும், யாருக்கு நம்பர் ஜாஸ்தியோ அவருக்கு மேக்ஸ், அதாவது விதிப்படி குடுக்கக்கூடிய அதிகபட்ச சம்பளம், குடுங்கன்னு ஒரே சத்தம். அந்தக் கணக்கு எவ்ளோ தூரம் ஏமாத்தும்னு தெரியணும்னா அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏல 2010 சம்மரைப் பாருங்க.

எல்லாரும் சூப்பர் ஸ்டார் லெப்ரான் ஜேம்ஸ் எங்க போவார்னு பேசிட்டிருந்தப்போ மார்க்கெட்ல பவர் ஃபார்வர்டு பொசிஷன்ல ஆடற நாலு பிக் மேன் இருந்தாங்க. முந்தின சீசன்ல மேட்ச்சுக்கு சராசரி இதுதான்: டொராண்டோ கிறிஸ் பாஷ் 24 பாயிண்ட், 10.8 ரீபவுண்ட். ஃபீனிக்ஸ் அமாரே ஸ்டடமயர் 23.1, 8.9. யூட்டா கார்லோஸ் பூசர் 19.5, 11.2. நியூயார்க் டேவிட் லீ 20.2, 11.7. வயசும் எல்லாருக்கும் 26ல இருந்து 28க்குள்ளதான். இதை மட்டும் வெச்சு யாரை எடுக்கணும்னு கேட்டா சீட்டுக் குலுக்கித்தான் போடணும்.

பூசரை சீக்கிரமா முடிச்சிடறேன். சிகாகோ 5 வருஷத்துக்கு எடுத்துச்சு, ரீபவுண்ட் வந்துச்சு, மிட் ரேஞ்ச் ஷாட் வந்துச்சு, ஆனா டிஃபென்ஸ் வரவே இல்ல. சிகாகோவோட டாம் திபடோ மாதிரி டிஃபென்ஸே மூச்சா இருக்கற கோச், நாலாவது குவார்ட்டர்ல பூசரை உட்கார வெச்சிட்டு பெஞ்ச்ல இருந்த டாஜ் கிப்சனை விளையாட விட்டார்னா அதுக்கு மேல என்ன சொல்ல. 2014ல அம்னெஸ்டில (சம்பளக் கணக்குல சேராம ஒரு பிளேயரை விடுவிக்க விட்ட விதி) அனுப்பிட்டாங்க.

அமாரே விஷயத்துல எனக்கு இன்னும் மனசு ஆறல. லெப்ரான் வருவார்னு நியூயார்க் டீம் நிக்ஸ் வழி மேல விழி வெச்சுக் காத்திருந்த நேரம், யாரும் வரலைன்னா என்ன பண்றதுன்னு தெரியாம நின்னப்போ மனுஷன் தைரியமா வந்து நின்னார். முதல் சீசன்ல 25.3 பாயிண்ட், தொடர்ந்து 9 மேட்ச்ல 30க்கு மேல, நிக்ஸோட மைதானம் மேடிசன் ஸ்கொயர் கார்டன் திரும்பவும் உயிரோட இருந்துச்சு, 2004க்கு அப்புறம் முதல் தடவையா ப்ளேஆஃப்ஸ். ஆனா அந்த முட்டில 2005லயே மைக்ரோஃபிராக்சர்னு குருத்தெலும்பைச் சரி பண்ற ஆபரேஷன் ஆகியிருக்கு, ஃபீனிக்ஸ் முழு கேரண்டி குடுக்கத் தயங்கினதே அதனாலதான். முட்டியால அந்தக் கிட்டத்தட்ட 100 மில்லியன் கான்ட்ராக்டுக்கு இன்ஷூரன்ஸ் கூட கிடைக்கல. நிக்ஸ் தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டாங்க. அப்புறம் இன்னொரு ஸ்கோரர் கார்மெலோ ஆன்டனி வந்தார், ரெண்டு பேருக்கும் பந்து ஒரே இடத்துல வேணும், ஒருத்தர் நல்லா ஆடினா இன்னொருத்தர் காணாமப் போயிடுவார். 2012-13ல 29 மேட்ச்தான் ஆடினார், 2015 பிப்ரவரில பைஅவுட், அதாவது மீதி கான்ட்ராக்டைப் பேசி முடிச்சு அனுப்பிட்டாங்க.

இப்ப பாஷ். மயாமி வந்த முதல் வருஷமே 24 பாயிண்ட் 18.7 ஆச்சு, ரீபவுண்ட் 8.3க்கு இறங்குச்சு, உடனே சாஃப்ட், மூணாவது ஆளுன்னு எல்லாரும் ஏறி மிதிச்சாங்க. எனக்கு அப்பவும் கோவம் வரும் இப்பவும் வருது, ஏன்னா அது இறங்குனது திறமை இல்லாம இல்ல, கூட ஆடின ட்வைன் வேடுக்கும் லெப்ரானுக்கும் கூடைக்குப் பக்கத்துல இடம் வேணும்னு அவர் தன் இடத்தை விட்டுக் குடுத்தார். சென்டராவும் ஆடினார், கார்னர்ல நின்னு த்ரீ (தூரத்துல இருந்து போடற 3 பாயிண்ட் ஷாட்) போடவும் கத்துக்கிட்டார், எதிரணி பிக் அண்ட் ரோல் (ஒருத்தர் வழி மறிச்சு, பந்து வெச்சிருக்கறவருக்கு இடம் குடுக்கற ஆட்டம்) ஆடினா வெளிய வந்து பந்து வெச்சிருக்கறவரை மறிச்சிட்டு திரும்ப ஓடி வந்து உள்ளயும் நின்னார். 2012ல பாஸ்டனுக்கு எதிரா கேம் 7, வயித்துத் தசை காயத்துல இருந்து இப்பத்தான் திரும்பி வந்தவர், 19 பாயிண்ட், அதுல 3 த்ரீ.

2013 ஃபைனல்ஸ் கேம் 6 கடைசி நிமிஷத்தை மட்டும் தயவுசெஞ்சு திரும்பப் பாருங்க. எல்லாரும் ரே ஆலனோட ஷாட்டைத்தான் பார்ப்பாங்க, நீங்க அதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி பாருங்க. 28 செகண்ட் இருக்கும்போது எதிரணி சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 5 பாயிண்ட் லீட்ல இருந்தாங்க, அது 95-92 ஆகுது, லெப்ரான் த்ரீ மிஸ் ஆகுது. ஸ்பர்ஸோட பிக் மேன் டிம் டங்கன் பெஞ்ச்ல இருக்கார்! எல்லா ஆளையும் மாத்தி மாத்தி மறிக்கணும்னு, டங்கனை மாதிரி ஒரு ரீபவுண்டரை கோச் பாப்போவிச் வெளிய எடுத்து வெச்சிருக்கார், ஏன்னா மயாமியோட சென்டர் பாஷ் த்ரீ லைனுக்கு வெளியயும் ஆபத்தானவர். அந்த சென்டர்தான் கூட்டத்துக்கு நடுவுல எம்பி பந்தைப் பிடிச்சார், பிடிச்ச வேகத்துல பின்பக்கமாவே நகர்ந்து கார்னருக்குப் போயிட்டிருந்த ஆலனுக்குப் போட்டார், த்ரீ உள்ள போச்சு, மீதி 5.2 செகண்ட், 95-95. ஓவர்டைம் முடியும்போது டேனி க்ரீன் ஷாட்டை பிளாக் பண்ணதும் பாஷ்தான். ரெண்டு நாள் கழிச்சு கேம் 7ல அவர் எடுத்தது 0 பாயிண்ட், கோப்பை மயாமிக்கு.

டொராண்டோல அவர் தலைமைல ஒரு ப்ளேஆஃப் சீரிஸ் கூட ஜெயிக்கலையேன்னு கேப்பீங்க. உண்மைதான், ஒத்த ஆளா டீமை இழுத்துட்டுப் போற ஸ்டார் இல்ல. ஆனா ஃப்ரீ ஏஜென்சில முக்கால்வாசி டீம் தேடறது ஏற்கனவே இருக்கற ஸ்டாருக்குப் பக்கத்துல ஒருத்தரைத்தானே? அதுக்கு இவரை விட்டா அந்த லிஸ்ட்ல வேற யாரு? 2015ல நுரையீரல்ல ரத்தம் உறைஞ்சு, 2016ல திரும்பவும் வந்து கேரியரே நின்னு போச்சு, அது யாராலயும் முன்கூட்டியே பார்க்க முடியாத கொடுமை, அமாரே முட்டி மாதிரி ரிப்போர்ட்ல இருந்த விஷயம் இல்ல. 2021ல ஹால் ஆஃப் ஃபேம் போனப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ரெண்டாவது இடம் யாருக்குன்னுதான் எனக்கே இழுபறி. லீ கோல்டன் ஸ்டேட்ல 80 மில்லியன் வாங்கினார், 2014ல தொடைத் தசை பிடிச்சு உட்கார்ந்தப்போ ட்ரேமண்ட் க்ரீன் அந்த இடத்துக்கு வந்தார், டீமே மாறிடுச்சு, லீ ஒரு வார்த்தை முணுமுணுக்காம பெஞ்ச்ல இருந்து 2015 கோப்பை வாங்கினார். அமாரேக்கு 3 வருஷ கான்ட்ராக்ட்னா கண்ணை மூடிட்டு அவர்தான் ரெண்டாவது. 5 வருஷம்னா லீ.