பொறியியல் பட்டம் இல்லாதவருக்குப் பசுமை ஆற்றல் துறையில் மக்கள் தொடர்பு வேலை கிடைக்காதா?

பரவும் தகவல்: சூரிய, காற்றாலை நிறுவனங்களில் மக்கள் தொடர்பு வேலைக்குச் சேரப் பொறியியல் பட்டம் கட்டாயம்.

இது தவறு. பத்திரிகைச் செய்தி, சமூக ஊடகப் பதிவு, திட்டப் பகுதி மக்களுக்கான விளக்கத்தாள் எழுதுவதுதான் தொடக்கநிலைப் பணி. இதழியல், மொழி படித்தவர்களும் சேர்கிறார்கள்.

ஆனால் அலகுகள் தெரியாமல் தப்ப முடியாது. மெகாவாட் என்பது ஒரு நிலையம் ஒரே நேரத்தில் அதிகபட்சமாகத் தரக்கூடிய மின்திறன். மெகாவாட்-மணி என்பது ஒரு காலத்தில் மொத்தமாக உற்பத்தியான மின்சாரம். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். 50 மெகாவாட் சூரியப் பூங்காவை ஆண்டின் 8,760 மணியால் பெருக்கி 4,38,000 மெகாவாட்-மணி என்று எழுதிவிடுவார்கள். இரவும் மேகமும் கணக்கில் வரவேண்டாமா? திறன் பயன்பாட்டு விகிதம், அதாவது ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் உண்மையில் கிடைக்கும் பங்கு, 20% என்றால் 87,600 மெகாவாட்-மணிதான். மிகைப்படுத்திய எண் அச்சேறினால் மறுப்பு வெளியிட வேண்டிவரும். விண்ணப்பத்தோடு இரண்டு மூன்று மாதிரிக் கட்டுரைகள் இணையுங்கள். ஒன்றிலாவது இப்படியொரு கணக்கு சரியாக இருக்கட்டும்.