ஜெல்லியும் சிலிக்கோனும் ஒன்றல்ல

பாலின்பத்துக்கான வைப்ரேட்டர்களைப் பற்றி, "மலிவான ஜெல்லி வைப்ரேட்டரும் சிலிக்கோனும் ஒன்றுதான், கொதிநீரில் போட்டெடுத்தால் கிருமி போய்விடும்" என்று சிலர் எழுதுவது பிழை. ஜெல்லி எனப்படும் மென்மையான பிளாஸ்டிக் வகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எவ்வளவு கழுவினாலும் அழுக்கு உள்ளே தங்கும். கொதிநீர் பட்டால் உருகி வடிவமே கெட்டுவிடலாம். சிலிக்கோனில் அந்தத் துளைகள் இல்லை. ஆனாலும் மோட்டார் உள்ளதைக் கொதிக்க வைக்காதீர்கள். இளஞ்சூட்டு நீரும் வாசனையில்லாத சவர்க்காரமும் போதும்.

திருகோணமலையின் மே மாத வெக்கையில் அலுமாரிக்குள் கிடந்த ஜெல்லிப் பொருளைத் தொட்டுப் பாருங்கள். விரலில் எண்ணெய் போலப் பிசுபிசுக்கும், புது ரப்பர் செருப்பு மணம் அடிக்கும். மென்மைக்காகச் சேர்க்கும் இரசாயனம் கசிவதுதான் அது, பெரும்பாலும் தாலேட். அடிக்கடி மாற்ற வேண்டிய சாமானை மலிவு என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்களோ! பெட்டியில் 'மெடிக்கல் கிரேட்', அதாவது மருத்துவத் தரம், என்று யாரும் அச்சடிக்கலாம். ஆனால் பாலின்பப் பொருட்களுக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்ற சர்வதேசத் தரம் 2021இல் வந்திருக்கிறது.

அப்புறம், சிலிக்கோனுக்கு நீர் சார்ந்த வழுக்குக் களிம்பே பாதுகாப்பு; சிலிக்கோன் களிம்பு மேற்பரப்பைக் கெடுக்கக்கூடும். ஆசனவாய்க்கு என்றால் அடிப்பாகம் அகன்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியாஸ்பத்திரியில்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.