கே-ன்னா என்னடா தம்பி?

குறுவை அறுப்பு நேரம். மன்னார்குடி பக்கம் வானம் கறுத்துக்கிட்டு நிக்குது, கதிர் சாஞ்சா போச்சு. அறுப்பு மெஷின் வச்சிருக்கிற தம்பிக்கு வாட்ஸப்புல கேட்டேன்: "பெல்ட் வண்டி நாளைக்கு வருமா, மறுநாளா? மணிக்கு என்ன வாடகை?"

பதில்: "கே".

அவ்வளவுதான், ஒத்தை இங்கிலீஷ் எழுத்து. எதுக்குடா கே? நாளைக்கா, மறுநாளுக்கா?

ஓகேங்கிறதே சுருக்கந்தான். 1839-ல பாஸ்டன் பத்திரிகை ஒண்ணுல 'ஆல் கரெக்ட்'டை வேணும்னே 'ஓல் கொரெக்ட்'னு தப்பா எழுதி, முதலெழுத்தை வேடிக்கைக்குப் போட்டாங்க. இருக்கிறதே ரெண்டெழுத்து. அதுலயும் ஒண்ணைப் பிடுங்க இவனுங்களுக்கு எப்படி மனசு வருது? 'சரிண்ணே'ன்னு தட்டினா விரல் தேஞ்சா போயிரும்?

வாடகையை மறுபடி கேட்டேன். "2.5கே"ன்னு வந்துச்சு. ரெண்டரை மணிக்குச் சரிங்கிறானா, ரெண்டாயிரத்து ஐநூறு ரூபாயா? கே-ன்னா ஆயிரமாம், கிலோவுலேருந்து வந்ததுன்னு பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். நமக்குத் தெரிஞ்சதெல்லாம் உரமூட்டையில இருக்கிற என்பிகே. அதுல கே பொட்டாசியம். அந்தக் கே-யாவது பயிருக்கு ஆகும்.

ராத்திரி தூறல் விழ ஆரம்பிச்சதும் போன் போட்டேன். எடுக்கலை. கொஞ்ச நேரங்கழிச்சு மெசேஜ்: "அண்ணே, நாளைக்கு வண்டி வராது. கே?"