அரையாண்டுத் தேர்வை வீட்டில் வைத்தவன் நான்

2023ஆம் ஆண்டு மே மாதம், தொடக்கநிலை ஐந்தில் படித்துக்கொண்டிருந்த என் மகளைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, வேறொரு பள்ளியின் பழைய அரையாண்டுத் தேர்வுத்தாளின் நகலைக் கொடுத்து, கைப்பேசியில் அலாரம் வைத்தேன். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி இரண்டிலும் எல்லா வகுப்புகளுக்கும் அரையாண்டுத் தேர்வு நீக்கப்பட்டிருந்த ஆண்டு அது. பிள்ளைகள் ஆற அமரப் படிக்கட்டும் என்று கல்வி அமைச்சு மிச்சப்படுத்திக் கொடுத்த வாரங்களை என் மகளிடமிருந்து பிடுங்கியவன் நான்தான்.

கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேசும்போதெல்லாம் அமைச்சு என்ன செய்தது, பள்ளி என்ன செய்தது என்றே கேட்டுப் பழகிவிட்டோம். அவர்கள் பதில் சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. உயர்நிலைப்பள்ளி இடத்தை முடிவுசெய்யும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு இருக்கும்வரை பெற்றோரின் அச்சத்தை வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் 2017-18இல் சுமார் 1.4 பில்லியன் வெள்ளியாக இருந்த குடும்பங்களின் துணைப்பாடச் செலவு 2023இல் 1.8 பில்லியன் வெள்ளியாக உயர்ந்ததற்கு எந்தச் சுற்றறிக்கையும் காரணமன்று. அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று.

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்துவைத்த விரைவுநிலை, அதற்குக் கீழான வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. ஒரே வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் ஒவ்வொரு பாடத்தையும் தங்களுக்கு ஏற்ற ஜி1, ஜி2, ஜி3 நிலையில் படிக்கிறார்கள்; மூன்றில் ஜி3தான் ஆகக் கடினமானது. 2027 முதல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ். வழக்கநிலை என்ற பெயரைச் சுமந்து கூனிப்போன பிள்ளைகளை என் தலைமுறை பார்த்திருக்கிறது என்பதால், இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்றேன்.

சென்ற தீபாவளியன்று, உறவினர் வீட்டில், "உங்க மகள் எல்லாம் ஜி3 தானே?" என்று ஒருவர் கேட்டார். "தமிழும் ஆங்கிலமும் ஜி3" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். பக்கத்தில் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த மகள் அதைத் தட்டில் வைத்துவிட்டாள். மின்தூக்கியில் இறங்கும்போதுதான் கேட்டாள்: "கணக்கு ஜி2ன்னு ஏன்ப்பா சொல்லல?"

பழைய முத்திரையைப் புதிய பெயரில் அவள் நெற்றியில் குத்தியவன் நானே என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பொங்கலன்று அதே கேள்வி வேறொருவரிடமிருந்து வந்தது. "கணக்கு ஜி2, இந்த வருஷம் இயற்கணிதம் அவளுக்குப் பிடிபட ஆரம்பித்திருக்கிறது" என்றேன். எந்தக் கணக்கு இன்னும் குழப்புகிறது என்று மகளே அவரிடம் விளக்கத் தொடங்கினாள்.