பொதி சுமந்த நடிகர்: டாக்டர் ஸ்ரீராம் லாகூ

ஸ்ரீராம் லாகூவைப் பற்றி எழுதுகிற எல்லாரும் முதல் வரியிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், நாற்பதைத் தாண்டிய வயதில் தொழிலை உதறிவிட்டு மராத்தி மேடைக்கு வந்தார் என்று. உண்மைதான். ஆனால் அதைத் தியாகக் கதையாகச் சொல்லி முடித்துவிட்டால், அவர் நடிப்பைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் விட்டுப்போகிறது.

அவருடைய தன்வரலாற்றின் பெயர் ‘லமாண்’. நாம் லம்பாடி என்கிறோமே, அந்த மக்கள்தான். மாட்டு முதுகில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். நடிகன் சரக்கை உண்டாக்குகிறவன் இல்லை, நாடகாசிரியரின் சரக்கை இங்கிருந்து எடுத்துப் பார்வையாளர் கையில் சேர்க்கிற பொதிகாரன் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். பொதிகாரனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. ஏற்றிவிட்ட சரக்கு சிந்தாமல் வந்து சேர்ந்ததா?

முதலில் அந்தத் தியாகக் கதையைக் கொஞ்சம் சரிசெய்துவிடலாம். 1927இல் சாதாராவில் பிறந்தவர். புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே நாடகம் பிடித்துக்கொண்டது. 1950களின் தொடக்கத்தில் பால்பா கேள்கர் போன்றவர்களோடு சேர்ந்து புரோகிரெசிவ் டிராமாட்டிக் அசோசியேஷன் என்ற நாடகக் குழுவை நடத்தினார். நடுவில் கனடா, இங்கிலாந்தில் மேற்படிப்பு, தான்சானியாவின் டபோராவில் மருத்துவர் வேலை. 1969இல் வசந்த் கானேட்கரின் ‘இதே ஓஷாளலா ம்ருத்யு’ நாடகத்தில் முழுநேர நடிகராக இறங்கும்போது, அவர் பின்னால் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மேடைப் பழக்கம் இருந்தது. பகலில் நோயாளி, சாயங்காலம் ஒத்திகை. வேலையை விட்டுவிட்டு நடிக்க வரப்போகிறேன் என்கிற இளைஞர்கள் லாகூவை உதாரணம் காட்டும்போது இந்த ஆண்டுகளை எண்ணுவதே இல்லை. அவர் வேலையை விட்ட பிறகு நடிக்கக் கற்றுக்கொண்டவர் அல்ல.

இனி ‘நட்சம்ராட்’. குசுமாக்ரஜ் என்ற பெயரில் கவிதை எழுதிய வி. வா. ஷிர்வாட்கரின் நாடகம். கோவா இந்து அசோசியேஷன் என்ற நாடக அமைப்பு 1970 டிசம்பரில் மேடையேற்றியது. ஓய்வுபெற்ற ஷேக்ஸ்பியர் நடிகர் கண்பத்ராவ் பேல்வல்கர் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் அவமானப்பட்டு, கடைசியில் மனைவியையும் இழந்து நடைபாதைக்கு வந்து சேர்கிறார். ஷேக்ஸ்பியரின் லியர் அரசனின் நிழல் தெரிகிற கதை. லாகூவுக்கு அப்போது வயது 43.

இந்தப் பாத்திரம் நடிகரின் குரலைத் தின்றுவிடும். நீண்ட தனிமொழிகள், நடுவே பழைய வேஷங்களின் வசனங்கள், போதாததற்குக் குடிபோதை, கோபம், அழுகை. சாதாரணப் பேச்சிலேயே ஓர் ஆணின் குரல்நாண்கள் வினாடிக்கு 100 முதல் 130 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 6,000 மோதலுக்கு மேல். கத்தும்போது எண்ணிக்கையும் கூடும், மோதலின் பலமும் கூடும். தொண்டையை இறுக்கிக் கத்துகிறவர்களுக்கு நாணின் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு முடிகிற இடத்தில்தான் முதலில் வீக்கம் வரும், பிறகு காய்ப்பு. குரல் கரகரக்கும், மேல் சுருதி போய்விடும். அதன்பின் நடிகர் என்ன செய்வார்? தொண்டையைச் செருமுவார், அது இன்னும் இரண்டு நாணையும் அறைந்து தேய்க்கும். குசுகுசுவென்று பேசினால் ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பார், அதுவும் தொண்டையை இறுக்கத்தான் செய்யும். வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடிப்பதுதான் ஓய்வு. இதையெல்லாம் கண்ணாடி வைத்து மற்றவர் தொண்டைக்குள் பார்த்துப் பழகிய ஒருவர் அந்த வேஷத்தை ஏற்றார் என்பதுதான் அவருடைய மருத்துவப் படிப்பில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கல்லூரிப் போட்டிகளில் தனிநடிப்பென்றால் மராத்திப் பையன்கள் இன்றைக்கும் எடுப்பது கண்பத்ராவ் வீடு கேட்கிற வசனத்தைத்தான். பெரும்பாலானவர்கள் விழுகிற இடமும் அதுதான். சுவரில்லாமல், கூரையில்லாமல், மனிதரின் பாசமில்லாமல், கடவுளின் கருணையில்லாமல் ஒரு புயல் அலைகிறது என்று நான்கு ‘இல்லாமல்’ வரிசையாக வரும். முதல் ‘இல்லாமல்’லேயே குரலை உச்சத்தில் வைத்தால் இரண்டாவதற்குப் போக இடமில்லை, மூன்றாவது அலறல், நான்காவது காதில் விழாது. செய்ய வேண்டியது இது. நான்கையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் இரண்டுக்குப் பின் மூச்சு எடுங்கள், நடுச்சொல்லில் எடுக்காதீர்கள். அடி விலா இரண்டு பக்கமும் விரிகிற மாதிரி மூச்சு போக வேண்டும், தோள் தூக்கினால் தப்பு. சுவரும் கூரையும் வெறும் தகவல், அவற்றைச் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். கனம் மனிதரின் பாசத்தில் இருக்கிறது. எழுந்து போ என்று யாரும் சொல்லாத ஓர் இடத்தைத் தேடுகிறேன் என்று வருகிறதே, அது கெஞ்சல். அங்கே குரல் கீழே இறங்க வேண்டும், ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரிந்தவர்தான் நடிகர். குரல் தாழும்போது சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்காமல் உச்சரித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வயோதிகத்தை நடிப்பதிலும் இதே சங்கதிதான். இளம் நடிகர்கள் கிழவனென்றால் இடுப்பிலிருந்து வளைந்துவிடுகிறார்கள். வளைந்தால் வயிறு மடங்கும், மூச்சு பாதியாகும், பத்து நிமிடத்தில் குரல் தொண்டைக்கு ஏறிவிடும். முதுமையை முழங்காலிலும் கழுத்திலும் வைக்க வேண்டும். எழுந்திருக்கும் முன் கை எதையாவது தேடட்டும், கூப்பிட்டால் தலை ஒரு கணம் தாமதமாகத் திரும்பட்டும். முதுகு நேராகவே இருக்கலாம், அதுவும் பேல்வல்கர் ராஜா வேஷம் கட்டிய ஆள். லாகூவுக்குப் பின் தத்தா பட், சதீஷ் துபாஷி என்று வலுவான நடிகர்கள் அதே வேஷத்தை ஏற்றிருக்கிறார்கள். ஒருவருடைய கண்பத்ராவ் இன்னொருவருடையதைப் போல இல்லை என்பது நாடகத்தின் பலம்.

லாகூவின் வசன நடையில் ஓர் இழுவை உண்டு, இடைவெளிகள் நீளம் என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சில இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றும். ஆனால் ஒரு சொல்கூடக் கலங்கலாக வந்து விழுவதில்லை.

சரக்கைச் சிந்தாமல் சேர்ப்பதென்றால் என்னவென்பதற்கு இன்னொரு சாட்சி, அதே 1970இல் அவர் இயக்கி நடித்த விஜய் டெண்டுல்கரின் ‘கிதாடே’. பிணந்தின்னிக் கழுகுகள் என்று பொருள். மகாராஷ்டிரத்தில் நாடகப் பிரதியை முன்கூட்டியே தணிக்கை வாரியத்துக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். நாடகத்தில் சகோதரர்கள் தங்கையின் வயிற்றில் உதைத்துக் கருவைக் கலைக்கிறார்கள், அவள் புடவையில் இரத்தக் கறையோடு வெளியே வருகிறாள். அந்தச் சிவப்புக் கறை கூடாது என்றது வாரியம். காட்சியை வெட்டியிருக்கலாம், வெள்ளைப் புடவையோடு அனுப்பியிருக்கலாம். அவர்கள் கறையை நீலமாக்கினார்கள். நாடகம் தொடங்கும் முன், தணிக்கை உத்தரவின்படி கறை நீலத்தில் காட்டப்படுகிறது, பார்வையாளர்கள் அதைச் சிவப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். உத்தரவும் மீறப்படவில்லை, டெண்டுல்கரின் காட்சியும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. இயக்குநராக லாகூ யார் என்பதற்கு எனக்கு இந்த ஒரு கறை போதும்.

1974இல் கோ. பு. தேஷ்பாண்டேயின் ‘உத்வஸ்த தர்மசாலா’வையும் அவர்தான் இயக்கி நடித்தார். இடதுசாரிப் பேராசிரியர் ஒருவரை விசாரணைக் குழு கேள்வி கேட்கிறது, நாடகத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான். ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற நாடகத்தைத் தாங்கிப் பிடிப்பது ஓடியாடும் நாடகத்தைவிடக் கஷ்டம். நாற்காலியில் சாய்ந்தவுடன் மூச்சு தளரும், வாக்கியத்தின் வால் தொங்கும், அரங்கம் இருமத் தொடங்கும்.

சினிமாவுக்கு வருவோம். 1972இல் வி. சாந்தாராமின் ‘பிஞ்ச்ரா’வில் தமாஷா என்ற மராத்தி நாட்டுப்புறக் கூத்தில் ஆடுகிற ஒருத்தியிடம் விழுகிற வாத்தியார். அதில் மேடை நிறையத் தெரியும், சாந்தாராமும் அதைத்தான் கேட்டார் என்பது என் ஊகம். ஜப்பார் பட்டேல் இயக்கி, டெண்டுல்கர் எழுதி, 1975 பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன ‘சாம்னா’வில் மறுபடியும் ஒரு வாத்தியார். குடித்துச் சீரழிந்த காந்தியவாதி, சர்க்கரை ஆலை முதலாளியின் வீட்டில் தங்கிக்கொண்டே, மாருதி காம்ப்ளே என்ன ஆனான் என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். எதிரே முதலாளியாக நடிகர் நிளூ ஃபுலே. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் காமிராவுக்காகக் குரலை எவ்வளவு இறக்கியிருக்கிறார் என்பது புரியும். ‘சிங்ஹாசன்’ படத்தில் அவர் நடித்த நிதியமைச்சர் இன்னும் சிக்கனம். ஹிந்தியில் ‘கரோந்தா’வுக்குத் துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் வாங்கினார். ‘காந்தி’யில் கோகலேயாக வந்தவரும் இவரே. மற்றபடி ஹிந்தி சினிமா அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் அப்பாவும் நீதிபதியும்தான், அதில் பேச ஒன்றுமில்லை. 1980இல் ‘ஜாகோல்’ என்று ஒரு மராத்திப் படமும் இயக்கினார்.

அவர் கடவுள் மறுப்பாளர், அதை ஒளித்ததில்லை. முழுநேரச் சமூகப் பணியாளர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க ஒரு நிதி வேண்டுமென்று, நிளூ ஃபுலே போன்றவர்களோடு ‘லக்னாச்சி பேடி’ நகைச்சுவை நாடகத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அப்போதும் பொதிதான்.

1999இல் மகரந்த் சாட்டே எழுதி அதுல் பேட்டே இயக்கிய ‘சூர்ய பாஹிலேலா மாணூஸ்’ நாடகத்தில் சாக்ரடீஸ் வேஷம். அந்த வருஷம் அவருக்கு 72 வயது. கேள்வியும் வாதமும் நிறைந்த பிரதி. அந்த வயதில் இருதயமும் நினைவும் ஒத்துழைக்க வேண்டும், நிற்க முழங்கால் வேண்டும், பேசக் குரல் வேண்டும். முப்பது வருஷமாக நாணைக் கிழித்துக் கத்தியிருந்தால் அந்தக் குரல் மிஞ்சியிருக்காது.