ரோமில் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

ரோம் அழகான ஊர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளையோடு நடந்து பாருங்கள், பழைய நகரத்துக்குள் உட்கார ஒரு பெஞ்ச் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தெருவெல்லாம் சம்பியெத்ரீனி என்கிற கருங்கல் பாவிய தரை. ஸ்ட்ரோலர் கடகடவென்று ஆடி, தூங்குகிற குழந்தையும் எழுந்துவிடுகிறது. சரி, நடக்க வைக்கலாம் என்றால் கால் வலிக்கிறது என்று அழுகை. ஸ்பானிஷ் படிக்கட்டு என்கிற புகழ்பெற்ற பழைய படிக்கட்டில் கொஞ்சம் உட்காரலாமா? கூடாது. 2019 முதல் அங்கே உட்காரத் தடை, மீறினால் 250 யூரோ அபராதம். பழைய கட்டுமானத்தைக் காக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பக்கத்தில் நிழலாக நாலு பெஞ்ச் போட்டிருக்க வேண்டாமா?

காபிக் கடையில் உட்காரலாம்தான். ஆனால் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. சாப்பாடு இன்னும் மோசம். பல உணவகங்களில் மதியம் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் மறுபடி சமையல். ஐந்தரைக்கே பசிக்கும் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? துண்டு போட்டு விற்கும் பீட்சாதான் காப்பாற்றியது. அதையும் நின்றுகொண்டேதான் ஊட்டினோம்.

தண்ணீருக்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். நஸோனி என்கிற தெருக்குழாய்களில் குளிர்ந்த நல்ல தண்ணீர் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. 1870-களிலேயே அதை யோசித்துச் செய்த ஊருக்கு, குழாய் பக்கத்தில் ஒரு பெஞ்ச் போட முடியாதா?