4,000 வெள்ளி இருக்கிறது, நேரம்தான் இல்லை

நாற்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை, அதாவது புதுத் திறன் கற்க அரசாங்கம் தரும் பயிற்சிப் பணத்தை, பயன்படுத்தத் தயங்குகிறார்கள் என்று அண்மையில் வந்த ஒரு கட்டுரை குறைப்படுகிறது. தயக்கம் இல்லை ஐயா, பிழைப்புதான் விடவில்லை. 2024 மே மாதம் அந்த 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கணக்கில் ஏறியபோது நான் கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி, மகளின் மடிக்கணினியில் வகுப்புப் பட்டியலைத் திறந்து வைத்தபடியே தூங்கிப்போன நாட்கள் உண்டு.

பிறகு ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. அப்போதுதான் விவரம் தேடினேன். தேர்ந்தெடுத்த முழுநேரப் பயிற்சிகளுக்கு 2025 முதல் உதவித்தொகை தருகிறார்கள்: முந்தைய சராசரிச் சம்பளத்தில் பாதி, மாதம் அதிகபட்சம் 3,000 வெள்ளி, மொத்தம் 24 மாதங்கள் வரை. இதைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டாரே! கட்டணத்தைவிட மாதச் செலவுதான் எங்களுக்குக் கவலை. வகுப்பு முடியும்வரை வீட்டுக் கடன் காத்திருக்காது.

இன்னொன்று, அந்த 4,000 வெள்ளி எல்லா வகுப்புக்கும் செல்லாது. இதே திட்டத்தில் முன்பு கிடைத்த 500 வெள்ளியில் கேக் செய்யக் கற்ற என் மனைவிக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். நான் குளிர்சாதனப் பராமரிப்பு படிக்கிறேன். வகுப்பில் நான்தான் மூத்தவன் என்று நினைத்துப் போனேன். முன்வரிசையில் 58 வயது அம்மா ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.